தீவக மாணாக்கரும் கல்வி வலயத்தின் கடனும்

பாடசாலைப் படலைக்குள் பிள்ளை காலடி வைத்த பின்னரே கல்வி நிருவாகத்தின் பொறுப்புத் தொடங்குகின்றது என்பது நம்மவருட் பலரின் எண்ணம். தீவகத்துக்கு அது பொருந்தாது. 2015 மே 13 ஆம் நாட் காலை புங்குடுதீவிற் பாடசாலைக்குப் புறப்பட்ட மாணவியொருத்தி மறுநாட் பிணமாகவே காணப்பட்டாள். 2017 செப்ரெம்பர் 27 இல் மூன்று நீதிபதிகள் அமர்ந்த தீர்ப்பாயம் எழுவருக்கு மரணதண்டனை விதித்தது. நீதிமன்றத்தின் கடன் அது. நமது கடன் யாது?

யாழ் மாவட்டத்திலே தீவகத்துக்கெனத் தனியொரு கல்வி வலயம் உண்டு. வலயக் கல்விப் பணிப்பாளர், கோட்டக் கல்விப் பணிப்பாளர், அதிபர், வகுப்பாசிரியர் என இறங்கிவரும் வரிசையிற் கடைசியில் நிற்பவரே பிள்ளையை நாடோறும் காண்பவர். அவர் காலையிற் கூப்பிடும் இடாப்பு வெறுங் கணக்கன்று. வராத பிள்ளையின் வீட்டுக்கு அக்காலையிலேயே செய்தி போதல் வேண்டும். அதற்கு ஒழுங்கு வகுத்து, நடைபெறுகின்றதா என்று பார்ப்பது வலயத்தின் வேலை. இடப்பெயர்வின் பின் ஆளற்றுப்போன வளவுகளும் பற்றை மண்டிய ஒழுங்கைகளும் பிள்ளைகள் செல்லும் வழியிலே கிடப்பின், பிரதேச சபைக்கு எழுதித் துப்புரவு செய்விப்பதும் அத்தகையதே.

உளநலம் இதனினும் நுண்ணியது. கலகலப்பாயிருந்த பிள்ளை வாய்மூடியிருப்பதை ஆசிரியர் காண்பார். ஆலோசனையும் வழிகாட்டலும் பொறுப்பாசிரியரிடம் அனுப்புவார். ஆயின் சிறிய தீவிலே அவ்வாசிரியர் பிள்ளையின் தாய்க்கு ஒன்றுவிட்ட சகோதரியாயிருத்தல் கூடும். பிள்ளை எதனைச் சொல்லும்? ஆதலின் பிற தீவிலிருந்து உளவளத்துணையாளர் குறித்த நாளில் வந்துபோக வலயம் ஏற்பாடு செய்தல் நன்று. நெடுந்தீவுப் பிள்ளையை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புக என்று எழுதிவிடுதல் எளிது. குறிகட்டுவான்வரை ஏறத்தாழ ஒருமணி நேரக் கடல், அப்பாற் பேருந்து, தாய்க்கோ ஒருநாட் கூலி நட்டம்.

அடிக்கு அஞ்சும் பிள்ளை எவரிடமும் மனந்திறவாது. பிரம்படி பட்டுப் படித்தவர்களே நம்முட் பலர். அதனால் அது நன்றாகிவிடாது. 2005/17 ஆம் இலக்கச் சுற்றுநிருபம் உடற்றண்டனையை விலக்கியது. ஆசிரியர் அறைந்ததாற் செவிப்புலன் பழுதுற்ற மாணவனின் வழக்கிலே, 2021 பெப்ரவரியில், உயர் நீதிமன்றம் ஆசிரியரையும் அரசையும் இழப்பீடு கொடுக்கப் பணித்தது.

துன்புறுத்தப்பட்டதாகப் பிள்ளை கூறின், ஆசிரியர் துருவி விசாரித்தலும், ஊர்ப்பெரியவரைக் கூட்டிச் சமாதானம் பேசுதலும் தகா. அதிபருக்கும், பிரதேச செயலகத்துச் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அன்றே அறிவித்தல் வேண்டும். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தையும் வகுப்பறைச் சுவரில் எழுதிவைக்கலாம்; கடல் மறித்துப் படகு ஓடாத நாட்களும் நெடுந்தீவில் உண்டன்றோ.