ஒற்றனின் இரண்டு தைவதம்

திருச்செங்கோட்டிலோ பள்ளிபாளையத்திலோ இரவில் தறிக்கூடத்துக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு தறிகளின் அடி சற்று நேரம் ஒன்றாக விழும். பிறகு மெல்ல விலகும். ஒன்றின் இடைவெளியில் மற்றது விழும். மறுபடி வந்து சேரும். ஒரு தறி நிமிடத்துக்கு 120 அடி, அடுத்தது 122 அடி என்றால், நிமிடத்துக்கு 2 முறை இப்படிச் சேர்ந்து பிரியும். வேகத்தில் வித்தியாசம் எவ்வளவோ, அத்தனை முறை. ஜேம்ஸ்பாண்ட் வரும்போது ஒலிக்கும் இசை ஏன் முதுகுத்தண்டில் ஊர்கிறது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்தத் தறிச் சத்தத்தில் இருக்கிறது.

மூன்று கட்டைச் சுருதியில் ஓர் ஆர்மோனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாண்ட் இசை அமைந்திருப்பதும் அந்தச் சுருதிதான். ஷட்ஜத்தையும், அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் காகலி நிஷாதத்தையும் சேர்த்து அழுத்துங்கள். நடு ஸ்தாயியில் ஒன்று நொடிக்கு ஏறத்தாழ 330 முறை அதிர்கிறது, மற்றது 311 முறை. இரண்டு தறிகளைப் போலவே இவையும் சேர்ந்து பிரிகின்றன, ஆனால் நொடிக்கு 18 முறைக்கு மேல். அந்த வேகத்தில் காதால் எண்ண முடியாது. எண்ண முடியாதது கரகரப்பாகக் கேட்கிறது. உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் அதில் ஓர் இடம். இந்த இரண்டு சுரங்களின் இடங்களும் ஒன்றன் மேல் ஒன்று விழுவதால் சவ்வு அவற்றைப் பிரித்துச் சொல்லத் திணறுகிறது. ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1863இல் எழுதிய நூலிலேயே, சுரங்கள் உராய்வதற்கு இந்தத் துடிப்புதான் காரணம் என்று விளக்கிவிட்டார்.

பாண்ட் இசையின் புகழ்பெற்ற முடிவு ஒலிக்கூட்டில் இந்த உராய்வு இருக்கிறது. ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பஞ்சமம், அவற்றோடு காகலி நிஷாதமும் சதுச்ருதி ரிஷபமும். ஐந்துமே நம் கீரவாணியில் இருக்கின்றன. கௌரிமனோகரியிலும் இருக்கின்றன. இரண்டுக்கும் வித்தியாசம் தைவதம் மட்டும்தான். கீரவாணிக்குச் சுத்த தைவதம், கௌரிமனோகரிக்குச் சதுச்ருதி தைவதம். இனி அந்த இசையில் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும் நான்கு சுரங்களைப் பாடிப் பாருங்கள்: பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். ஒவ்வொரு படியிலும் அதிர்வெண் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் நகர்கிறது.

எனக்கு இது முதலில் புரிந்தபோது வெகுநேரம் உறக்கம் வரவில்லை. பைரவியும் இரண்டு தைவதங்களையும் தொடும். ஆனால் ஏறும்போது ஒன்று, இறங்கும்போது மற்றொன்று என்று அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. இங்கே அந்த ஒழுங்கு இல்லை. ‘இது கீரவாணி’ என்று காது முடிவு செய்யப் போகும் நொடியில் தைவதம் நழுவிவிடுகிறது. ‘சரி, கௌரிமனோகரி’ என்றால் திரும்பி வந்துவிடுகிறது. இரண்டு ராகங்களின் எல்லையில், எந்த வீட்டிலும் தங்காமல் நடந்துகொண்டே இருக்கிற ஓர் ஆள். ஒற்றனுக்கு இதைவிடப் பொருத்தமான நடையை யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

இந்த மெட்டு ஒற்றனுக்காகப் பிறந்ததே அல்ல என்பதுதான் இன்னும் பெரிய ஆச்சரியம். டிரினிடாடில் குடியேறிய இந்தியர்களைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய ‘எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலை மேடை இசை நாடகமாக்க லண்டனில் ஒரு முயற்சி நடந்தது. அதற்காக மாண்டி நார்மன் போட்ட பாட்டு இது. அபசகுனத் தும்மலோடு பிறந்தவன் பாடுவதாக, இந்திய வாடையோடு அமைந்த மெட்டு. நாடகம் மேடையேறவில்லை, பாட்டும் முடங்கிக் கிடந்தது. ‘டாக்டர் நோ’ படத்துக்காக நார்மன் அதை வெளியே எடுத்தார். 1962இல் ஜான் பேரி அதற்குப் பித்தளைக் குழல்களைச் சேர்த்து வேறு உருவம் கொடுத்தார். விக் ஃப்ளிக் என்ற கிதார் கலைஞர் அதைக் கிதாரின் தடித்த கீழ்த்தந்தியில், குதிரைக்கு அருகே அழுத்தி மீட்டினார். வீணை வாசிப்பவர்களுக்கு இந்த ரகசியம் தெரியும். தந்தியின் நடுவில் மீட்டினால் நாதம் உருண்டு வரும். குதிரையை ஒட்டி மீட்டினால் மேல் அதிர்வுகள் ஓங்கி, நாதம் கூராகிவிடும். தும்மல்காரனின் பாட்டு துப்பாக்கிக்காரனின் இசையாக மாறியது இந்த இடத்தில்தான். சுரம் பழையது, உடுத்திய உடைதான் புதியது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு சேலத்துக்கு வருவோம். திருச்செங்கோட்டில் பிறந்து, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்த டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். தறியின் தாளத்தைப் படித்த மனிதர் படம் எடுக்க வந்ததை நான் தற்செயலாக மட்டும் பார்ப்பதில்லை. கணக்கும் காலக்கெடுவுமாக அந்த நிறுவனம் நடந்த விதம் ஓர் ஆலையை ஒத்தது. ‘மந்திரி குமாரி’ போன்ற அதன் படங்களுக்குக் கர்நாடக இசையில் ஊறிய ஜி. ராமநாதன் மெட்டமைத்தார். சுந்தரமும் ராமநாதனும் 1963இல், ஒரே ஆண்டில் மறைந்தார்கள். மகன் ராமசுந்தரம் பொறுப்பேற்ற பிறகு, நிறுவனம் இருந்த ஏற்காடு சாலையில் வேறொரு காற்று வீசியது. ‘வல்லவன் ஒருவன்’ 1966இல் வந்தது, ‘சி.ஐ.டி. சங்கர்’ 1970இல். ஜெய்சங்கர் தென்னகத்து ஜேம்ஸ்பாண்ட் ஆனார். இசை வேதா.

வேதாவைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் முட்டி நிற்கும்: இந்தி மெட்டைத் தமிழாக்கியவர். உண்மைதான். ‘வல்லவனுக்கு வல்லவன்’ படத்தின் ‘ஓராயிரம் பார்வையிலே’ பாட்டின் மெட்டு, ‘உஸ்தாதோங் கே உஸ்தாத்’ என்ற இந்திப் படத்துக்கு ரவி போட்டது. ஆனால் ‘காப்பி’ என்று சொல்லி அவரை ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏவி.எம்.மின் ‘அதே கண்கள்’ படத்தில், 1967இல், சொந்த மெட்டில் அவர் என்ன செய்தார் என்று கேளுங்கள். அந்த மர்மப் படத்தின் பாட்டுகள் இன்றும் மங்கவில்லை. ‘வல்லவன் ஒருவ’னில் எல்.ஆர். ஈஸ்வரியின் குரல் மாளிகைக்குள் அழைக்கிறதே, அந்தப் பாட்டில் நம்மைப் பிடித்து நிறுத்துவது மெட்டு மட்டும் அல்ல. குரலின் இழைவு, அதைச் சுற்றி வாத்தியங்கள் விடுகிற மூச்சு. தும்மல் பாட்டை ஜான் பேரி உடை மாற்றியதைப் போல, எங்கிருந்தோ வந்த சுரத்துக்கு உடை மாற்றத் தெரிந்தவர் வேதா. துப்பறியும் படத்துக்கு அந்தத் திறமைதான் வேண்டும்.

அவருக்கு இன்னொரு வசதியும் இருந்தது. காதுக்கு அவர் முகம் தெரியாது. இது சாதாரண விஷயம் இல்லை. 1999இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து பிரபலப் பாடல்களின் பெயர்களைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு பாட்டிலிருந்தும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நீளத் துணுக்கை மட்டும் ஒலிக்கவிட்டார்கள். குருட்டாம்போக்கில் சொன்னால் அமையக்கூடியதைவிடத் தெளிவாக அதிகம் பேர் சரியாகப் பொருத்தினார்கள். கண் இமைக்கும் நேரத்துக்குள் மெட்டு நகரவே இடமில்லை. காது பிடித்துக்கொண்டது நாதத்தின் நிறத்தை.

புகழ்பெற்ற இசையமைப்பாளர் ஒற்றன் படத்துக்குப் பொருந்துவாரா என்று ஒவ்வொரு பாண்ட் படத்துக்கும் உலகம் முழுக்க நடக்கிற வாதம் இந்தப் பத்தில் ஒரு நொடியில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். கதாநாயகன் நிழலிலிருந்து வெளியே வருமுன் இசையமைப்பாளர் வந்து நின்றுவிடுகிறார். 1995இல் ‘கோல்டன்ஐ’ படத்துக்கு எரிக் செரா தன் உலோக ஓசைகளோடு வந்தார். டாங்கித் துரத்தல் காட்சிக்கு மட்டும் ஜான் ஆல்ட்மனை வைத்துப் பழைய பாணியில் மறுபடி இசையமைக்க வேண்டியதாயிற்று. ஹான்ஸ் சிம்மர் ‘நோ டைம் டு டை’ படத்துக்கு வருகிறார் என்றதும் அதே அச்சம் எழுந்தது. அவருடைய பேரொலியில் பாண்ட் மூழ்கிவிடுவார் என்றார்கள். அவரோ ஜானி மாரின் கிதாரை அழைத்து வந்து அந்த நான்கு சுரங்களுக்கு வழிவிட்டார். 1969ஆம் ஆண்டின் பாண்ட் படத்திலிருந்து ஜான் பேரியின் காதல் மெட்டையும் எடுத்துக்கொண்டார். தன்னை ஒளித்துக்கொள்ள அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் ஊரில் இந்த வாதம் ‘விக்ரம்’ படங்களின் பெயரால் நடக்கிறது. 1986இல் சுஜாதாவின் கதைக்கு இளையராஜா இசையமைத்தபோது, அவருடைய வயலின்களும் புல்லாங்குழலும் நாமக்கல் லாரிப் பட்டறை முதல் மேச்சேரிச் சந்தை வரை எல்லாக் காதுக்கும் பழகியிருந்தன. தலைப்புப் பாட்டில் அவர் அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, மின்னணு ஒலிகளின் மேல் கமல்ஹாசனின் குரலை நிறுத்தினார். பாண்டுக்குக் கிதார் செய்ததை இங்கே ‘விக்ரம்’ என்ற பெயரே செய்தது. 36 ஆண்டுகள் கழித்து அதே பெயரோடு வந்த படத்துக்கு அனிருத். முதல் படம் வந்தபோது அவர் பிறக்கவே இல்லை. அரங்கை அதிரவைக்கும் அடித்தொனி அவருடைய பலம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. இடைவேளையின்போது நானும் கைதட்டியவன்தான். ஆனால் முதல் முழக்கத்திலேயே அது அனிருத் என்று காது சொல்லிவிடுகிறது. முகமூடிக்குள் இருப்பது யார் என்று கதையில் எவருக்கும் தெரியாத அந்த முதல் பாதியில், இசை யாருடையது என்பதும் தெரியாமல் இருந்திருக்கலாம்.