மெழுகின்மேல் நிற்கும் சுரங்கள்

நாமக்கல், சேந்தமங்கலம், இராசிபுரம் ஆகிய ஊர்களிலிருந்து பார்த்தால் வானத்தின் அடியில் நீலமாகத் தெரிகிற கொல்லிமலையை, பலாவுக்கும் தேனுக்கும் பேர்போன மலையாகவே நம் பக்கத்து ஜனங்கள் அறிவார்கள். பலாமரத்தின் கட்டையும் தேனடையிலிருந்து எடுக்கும் மெழுகும் சேர்ந்தால்தான் ஒரு வீணை உருவாகிறது என்பதையோ, அம்மலையை ஆண்ட வல்வில் ஓரி யாழ் மீட்டி வந்த பாணர் கூட்டத்துக்கு வாரி வழங்கியவனாகப் புறநானூற்றில் புகழப்படுகிறான் என்பதையோ, அந்த மலையைப் பார்க்கும்போது நினைப்பவர்கள் சிலரே. இருந்தும், சேலத்திலோ நாமக்கல்லிலோ ஒரு வீட்டு வீணைக்குச் சுகக்கேடு வந்துவிட்டால், அதைத் துணியில் பொதிந்து திருச்சி வழியாகத் தஞ்சாவூருக்குக் கொண்டுபோவதுதான் நெடுநாள் வழக்கமாக இருந்துவருகிறது. அங்கே அந்த வாத்தியத்துக்கு என்ன செய்கிறார்கள் என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓரியின் காலத்து யாழில் ஒவ்வொரு சுரத்துக்கும் தனித்தனி நரம்பு உண்டு. நரம்பின் நீளமும் முறுக்கும் எப்படியோ அப்படியே அதன் ஒலியும் அமைந்துவிடும். வீணையிலோ ஒரே தந்தியின் நீளத்தை இடது கை விரல் குறைத்துக் குறைத்துப் பல சுரங்களைப் பிறப்பிக்கிறது. விரல் எந்த இடத்தில் நீளத்தைக் குறைக்கவேண்டும் என்று வரம்பு கட்டுபவை மெட்டுகள். இரண்டு ஸ்தாயிக்கு, ஸ்தாயி ஒன்றுக்குப் 12 வீதம், 24 மெட்டுகளை அசையாமல் நிறுத்தும் இன்றைய அமைப்பு, 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கரின் காலத்தில் உண்டாயிற்று என்பது சங்கீத சரித்திரக்காரர்களின் கூற்று. அதற்கு முன் இராகத்துக்கு இராகம் மெட்டுகளை நகர்த்தி வைத்துக்கொள்ள வேண்டியிருந்த கஷ்டத்தை எண்ணிப் பார்த்தால், இந்த ஏற்பாடு எவ்வளவு பெரிய உபகாரம் என்பது விளங்கும்.

தஞ்சாவூர்ப் பட்டறைகளில் வீணைக்கு ஆகும் பலாக்கட்டை பெரும்பாலும் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வருகிறது. நன்கு முற்றி ஈரம் வற்றிய மரம்தான் நாதத்துக்கு உதவும். பச்சை மரத்தில் செய்தால் பின்னால் அது சுருங்கி வெடிப்புக் காணும். குடம், தண்டி, யாளிமுகம் ஆகிய மூன்றையும் ஒரே மரத்தில் குடைந்து எடுப்பது ஏகாந்த வீணை. தனித்தனியே செய்து பொருத்துவது ஒட்டு வீணை. குடத்தை உளியால் உட்புறம் குடையும்போது சுவர் தடித்தால் நாதம் மந்தமாகும், மெலிந்தால் தந்திகளின் இழுப்பைத் தாங்காது. ஆகையால் தச்சர் அடிக்கடி வேலையை நிறுத்தி, விரல் முட்டியால் தட்டி, மரம் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொண்டு மேலே குடைகிறார். அலங்கார வேலைக்கு ஒரு காலத்தில் தந்தமும் மான்கொம்பும் பயன்பட்டன. இன்று பிளாஸ்டிக் தகடுதான். தண்டியின் அடியில் பொருத்தும் உறுப்புக்குச் சுரைக்காய் என்று பெயர் இருந்தாலும் இன்றைய வீணைகளில் அது காகிதக் கூழாலோ பைபராலோ செய்த குடுவையே.

மரவேலை முடிந்ததும் பிறப்பது வீணையின் சரீரம் மட்டுமே. அதற்கு உயிர் வருவது மேளம் கட்டும்போதுதான். தண்டியின் இரு ஓரங்களிலும் நெடுக ஓடும் சட்டங்களின்மேல், தேன்மெழுகோடு குங்கிலியமும் கரியும் சேர்த்துக் காய்ச்சிய கறுத்த மெழுகைப் படியவைத்து, அது இளகியிருக்கும்போதே பித்தளை மெட்டுகளை ஒவ்வொன்றாகப் பதிக்கிறார்கள். கணக்கு என்னவோ எளிமையானதே. குடத்தின்மேல் தந்தியைத் தாங்கும் குதிரையிலிருந்து, மறுமுனையில் அதைத் தாங்கும் மேரு வரை தந்தியின் நீளம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், 12-ஆவது மெட்டு குதிரையிலிருந்து 40 சென்டிமீட்டரிலும், 24-ஆவது மெட்டு 20 சென்டிமீட்டரிலும் வரவேண்டும். மேருவுக்கும் முதல் மெட்டுக்கும் இடையே சுமார் 4.5 சென்டிமீட்டர் இருக்க, கடைசி இரண்டு மெட்டுகளுக்கு இடையே சுமார் 1.2 சென்டிமீட்டரே மிஞ்சும். ஆனால் இந்தக் கணக்கை அப்படியே அளவுகோலால் குறித்து மெட்டு வைத்தால் வீணை பேசாது. விரல் அழுத்தும்போது தந்தியின் முறுக்கு கொஞ்சம் கூடி, சுருதியும் அந்த அளவு ஏறிவிடுகிறது; எவ்வளவு ஏறும் என்பது தந்தியின் கனத்தையும், மெட்டின் உயரத்தையும், வாசிப்பவர் வைத்துக்கொள்ளும் சுருதியையும் பொறுத்தது. எனவே மேளம் கட்டுபவர் மீட்டுகிறார், கேட்கிறார், மெட்டை ஒரு மயிரிழை நகர்த்துகிறார், மறுபடியும் மீட்டுகிறார். சாரணித் தந்தியில் சரியாக ஒலித்த மெட்டு பஞ்சமத் தந்தியிலும் மந்தரத் தந்தியிலும் ஒத்து வருகிறதா என்று பார்க்கிறார். உயரத்திலும் ஏதேனும் ஒரு மெட்டு அடுத்ததைவிடத் தலைதூக்கி நின்று தந்தியில் உரசி இரைச்சல் உண்டாக்காதபடி மெழுகில் அழுத்தி இறக்குகிறார். 24 மெட்டுகளும் இவ்வாறு சம்மதம் சொன்ன பிறகே, மெழுகு அவற்றின் இருபக்கமும் இறுகச் செய்யப்படுகிறது. எத்தனை மின்கருவிகள் சுருதி காட்ட வந்தபோதிலும், இந்த வேலையில் கடைசித் தீர்ப்புச் சொல்வது அநுபவம் ஏறிய செவிதான் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இரும்பாணியோ பசையோ கொண்டு நிரந்தரமாகப் பதிக்காமல், இளகக்கூடிய மெழுகை நம் முன்னோர் ஏன் தேர்ந்தார்கள் என்று கேட்கலாம். வீணையின் ஜீவன் கமகத்தில் இருக்கிறது. கமகத்துக்காக விரல் தந்தியை மெட்டின்மேலேயே பக்கவாட்டில் இழுக்கும்போது, எஃகுத் தந்தி பித்தளையை நாளடைவில் அறுத்து, மெட்டில் பள்ளம் விழச் செய்கிறது. மெட்டைக் கழற்றி, அராவி, மறுபடி ஸ்தாபிக்க மெழுகே வசதி. ஆனால் அதே குணம் நம் சேலத்து வெயிலில் விரோதமாகிறது. தேன்மெழுகு உருகுவது 62 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலேதான் என்றாலும், அதற்கு வெகுமுன்பே அது குழையத் தொடங்கிவிடும். சித்திரை வைகாசியில் ஓட்டு வீட்டின் மேற்குச் சுவரோரம் கிடக்கும் வீணையில் மெட்டுகள் தாமாகவே சாய்ந்து அபஸ்வரம் பேசுவதற்கு இதுவே காரணம். வறண்ட காற்றில் மரம் சுருங்குவதால், தந்தியை முறுக்கும் பிரடைகள் நழுவும். மேற்பலகையும் குடமும் சேரும் விளிம்பு விட்டுப்போகும். பட்டறைக்கு வரும் பழுதுகளில் பெரும்பகுதி இவைதாம். பிரடைக்குச் சிறிது சாக்குக்கட்டித் தூளும், விளிம்புக்குப் புதிய ஒட்டும், மெட்டுக்குப் புதிய மேளமும் என்று சிகிச்சையும் அந்தந்த நோய்க்குத் தக்கபடி நடக்கிறது.

நோயைக் கண்டுபிடிக்க மிகவும் கடினமான இடம் குதிரை. அதன் தலைமேல் பதித்த உலோகத் தகடு தட்டையாகவும் இராது, கூராகவும் இராது. மெல்லிய வளைவோடு இருக்கும். திருவானைக்காவில் 1888-இல் பிறந்த சி. வி. ராமன், 1921-இல் நம் தந்தி வாத்தியங்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் இந்த வளைவின் மகிமையை உலகுக்கு எடுத்துக்காட்டினார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவற்றிருக்கவேண்டிய உப சுரங்கள் அந்த ஒலியில் எழமாட்டா என்பது மேனாட்டார் வகுத்த விதி. வீணையிலும் தம்பூராவிலும் அவை எழுகின்றன! துடிக்கும் தந்தி வளைந்த தகட்டின்மேல் ஒவ்வொரு முறையும் படிந்தும் விலகியும் அசைவதால் அந்த உப சுரங்கள் பிறந்து, நாதம் நிறைவு பெறுகிறது. ராமனின் மனைவியார் லோகசுந்தரி அம்மையார் வீணை வாசிக்கத் தெரிந்தவர் என்பதையும் இங்கே சந்தோஷத்தோடு நினைத்துக்கொள்ளலாம். பெரிய பௌதிக சாஸ்திரி ஒருவர் விளக்கம் கண்ட அந்த வளைவை, பெயர் தெரியாத கைவினைஞர்கள் பல தலைமுறைகளாக அரத்தால் தேய்த்துத் தேய்த்து, செவி ஒன்றையே சாட்சியாக வைத்து நிர்மாணித்து வந்திருக்கிறார்கள். தந்தி ஓயாமல் உராய்ந்து அத்தகட்டில் தடம் விழுந்துவிட்டால் வீணை இரைகிறது. தடத்தைப் போக்கி வளைவைப் பழையபடி கொண்டுவருவதற்கு, புது வீணை செய்வதற்கு வேண்டிய அதே ஞானம் வேண்டும்.

தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு 2013-இல் கிடைத்தது, கௌரவம்தான், வரவேற்கவேண்டியதுதான். எனினும் ஒரு பட்டறை உயிரோடிருப்பது அங்கே வேலை வந்துகொண்டிருப்பதால்தான். பாட்டி வாசித்த வீணை என்று பரணிலோ கட்டிலடியிலோ தந்தி அறுந்து கிடப்பவை நம் சேலம் நாமக்கல் வீடுகளில் உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வெயில் படாத உள்சுவரோரம் வையுங்கள், சாய்ந்த மெட்டை நீங்களாகக் காய்ச்சிய மெழுகு ஊற்றி ஒட்டவேண்டாம், கோடை கழிந்ததும் மேளம் கட்டத் தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் காட்டி, அவர் கேட்கும் கூலியைக் குறைக்காமல் கொடுங்கள்.