நிழல் விழும் கொல்லையிலும் பூசைக்கு மலர் உண்டு

எங்கள் வீட்டுக் கொல்லையில் 22 ஆண்டுகள் பூத்த குண்டுமல்லிச் செடி ஒன்று இருந்தது. கிழக்கே காலியாகக் கிடந்த மனையில் மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. மறு ஆண்டு சித்திரையில் செடியில் இலைகள்தாம் இருந்தன. ஒரு மொக்குக்கூட இல்லை. எரு இட்டும், கவாத்து செய்தும் பயனில்லை. விடியலில் நீராடிப் பூக்குடலையுடன் சென்று வெறுங்கையுடன் திரும்பிய அந்த நாள்களில் பட்ட வருத்தம் சிறிதன்று. கடைத்தெருவில் பூ கிடைக்கும். ஆயினும் நம் கையால் நீர் ஊற்றி, நம் கையால் கொய்து சாத்துவது வேறு.

மாடிக் குடியிருப்புகளில் வாழும் அன்பர்கள் பலருக்கும் இதே குறை இருக்கக்கூடும். பெரியபுராணம் போற்றும் முருக நாயனார், திருப்புகலூரில் கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலர்களையும் வைகறையில் கொய்து இறைவனுக்கு மாலை தொடுத்தவர். அவ்வளவுக்கும் நமக்கு இடம் ஏது? நிழல் விழும் நான்கடி மண்ணில் நெடுநாள் பூக்கும் செடி எது என்பதே நம் கேள்வி.

செடி வாங்குமுன் நிழலைப் பாருங்கள். கதிரவன் ஆனியில் வடபால் ஒதுங்கியும் மார்கழியில் தென்பால் தாழ்ந்தும் செல்வதை நாம் அறிவோம். 30 அடி உயரக் கட்டடத்தின் நண்பகல் நிழல், மார்கழித் தொடக்கத்தில் சென்னையில் வடக்கே ஏறத்தாழ 22 அடி நீளும். ஆனியிலோ அதே வடபுறத்தில் உச்சி வெயில் விழும். ஆகவே ஆனி மாதத்தில் பார்த்து நட்டவர்கள் மார்கழியில் ஏமாறுவார்கள். நாளொன்றுக்கு இரண்டு மூன்று மணி நேர இளவெயிலோ, நல்ல வெளிச்சமோ இருந்தால் போதும். இருள் சூழ்ந்த மூலையில் எதுவும் பூக்காது. அங்கே நட்டுச் செடியை வருத்த வேண்டாம்.

என் முதல் தேர்வு நந்தியாவட்டை. சிவபூசைக்கு உகந்த வெண்மலர். ஆண்டின் பெரும்பகுதி பூக்கும். அரை நிழலைப் பொறுக்கும். ஒற்றை, அடுக்கு என இரு வகையும் உண்டு. மழைக்காலத்தில் ஒரு போத்து நட்டாலே வேர்பிடிக்கும். இடுப்பளவில் கவாத்து செய்து வைத்தால், என்னைப் போல் முழங்கால் வலி உள்ளவர்கள் குனியாமலும் எட்டாமலும் பறிக்கலாம். காம்பில் வடியும் பால் கண்ணில் படலாகாது. பறித்தபின் கையைக் கழுவிவிடுங்கள்.

அடுத்தது கனகாம்பரம். இதற்கு அரை நிழலே இன்பம். கதிரின் அடியிலிருந்து மேல்நோக்கிச் சில சில பூக்களாக மலர்வதால் ஒரு கதிர் பல நாள் நிற்கும். பூத்து ஓய்ந்த கதிரை விதை முற்றும்வரை விடாது நறுக்கினால் புதுக்கதிர்கள் தொடர்ந்து வரும். மணமில்லாத மலர் என்று இதனைச் சாத்தாத இல்லங்களும் உண்டு. அவரவர் குலவழக்கப்படி செய்க. மல்லிகை இல்லாத எங்கள் வீட்டில் அம்பாளுக்கு இப்போது கனகாம்பரந்தான்.

முருகன் அடியார்கள் வெட்சியை, அதாவது இட்லிப்பூவை, விரும்புவார்கள். அதற்கு அரைநாள் வெயிலாவது வேண்டும். சுவரை ஒட்டி நட்டவர்கள் இலை மஞ்சளாவதைக் கண்டிருப்பார்கள். சுவரின் சுண்ணாம்பும் சிமெண்டும் மண்ணில் கலப்பதே காரணமாயிருக்கும். ஓரிரு அடி தள்ளி நட்டு, மக்கிய எரு இட்டால் தேறும்.

இடம் சற்றே கூடுதலாக இருப்பின் பவழமல்லி வைக்கலாம். ஆண்டு முழுதும் பூக்காது. மழைக்காலத்தை ஒட்டிச் சில மாதங்கள் மட்டுமே. ஆனால் உதிர்ந்த மலரையும் இறைவனுக்குச் சாத்தலாம் என்னும் பெருமை உடையது. இரவில் மரத்தடியில் தூய வெள்ளை வேட்டியை விரித்து வைத்தால், விடியலில் நான்கு முனைகளையும் சேர்த்துத் தூக்கிவிடலாம். ஒவ்வொன்றாய்க் குனிந்து பொறுக்க வேண்டியதில்லை.

துளசியை மட்டும் நிழலில் வைக்காதீர்கள், மெலிந்து போகும். வீட்டில் உள்ள ஒரே வெயிலிடத்தை மாடத்துக்குத் தந்துவிடுங்கள்.

நிழலில் மண் விரைவில் உலர்வதில்லை. அன்பு மிகுதியால் இரு வேளையும் நீர் ஊற்றி வேரை அழுகச் செய்பவர்களே அதிகம். நானும் இரு கனகாம்பரச் செடிகளை அவ்வாறே இழந்தேன். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று நீர் வேண்டாம்.

குண்டுமல்லியைத் தொட்டிக்கு மாற்றி, பிள்ளைகளின் உதவியால் மொட்டை மாடியில் ஏற்றி வைத்திருக்கிறேன். படியேற எனக்கு இயலவில்லை. பேத்திதான் நீர் ஊற்றுகிறாள். சென்ற வாரம் மூன்று மொக்குகள் விட்டிருப்பதாக ஓடிவந்து சொன்னாள்.