தமனிகளில் சுண்ணாம்புப் படிவு: கால்சியம் மட்டுமே காரணமா?

எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் அறிக்கையில் ‘இரத்தக் குழாயில் கால்சியம் படிவு’ என்ற வரியைக் கண்டதும், பல குடும்பங்களில் முதலில் நிறுத்தப்படுவது பால். படிந்திருப்பது கால்சியம், ஆகவே கால்சியத்தைக் குறைக்க வேண்டும் என்று எண்ணுவது இயல்பே. நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் பாலைக் குறைக்குமாறு நாங்களும் சில வேளைகளில் கூறுகிறோம். ஆனால் அதற்கு முதன்மையான காரணம் பாலிலுள்ள பாஸ்பரஸ்.

நம் உடலிலுள்ள கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் உள்ளது. இரத்தத்தில் உள்ள சிறு பகுதி, அங்குள்ள பாஸ்பேட்டுடன் சேர்ந்து படிகமாகிவிடாமல் சில புரதங்களும் மக்னீசியமும் தடுத்துக்கொண்டிருக்கின்றன. உணவின் வழி வரும் மிகுதியான பாஸ்பேட்டைச் சிறுநீரகம் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்குகிறது. அப்போது நடப்பது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் உப்பு படிவதைப் போன்ற செயல் மட்டும் அன்று. தமனிச் சுவரிலுள்ள தசைச் செல்கள் பாஸ்பேட்டை உள்வாங்கி, தம் இயல்பை இழந்து, எலும்பை உருவாக்கும் செல்களைப் போல் நடந்துகொள்ளத் தொடங்குகின்றன. சுவர் விறைத்து, இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர்கிறது. இதயத்தின் பளு கூடுகிறது. ஒருமுறை படிந்ததைக் கரைப்பது அரிது. ஆகவே மேலும் படியாமல் காப்பதே சிகிச்சையின் நோக்கம்.

எல்லா உணவிலுள்ள பாஸ்பரஸும் ஒரே அளவில் உடலில் சேர்வதில்லை. பருப்பிலும் தானியத்திலும் அது பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற வடிவில் உள்ளது. அதைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் போதிய அளவு இல்லாததால், பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. இறைச்சி, மீன், பால் ஆகியவற்றிலிருந்து சேர்வது இதைவிட அதிகம். முள்ளோடு உண்ணும் நெத்திலியில் பாஸ்பரஸ் மிகுதி. பதப்படுத்திய உணவில் சேர்க்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ ஏறக்குறைய முழுமையாக இரத்தத்தில் கலந்துவிடுகின்றன. சத்து அட்டவணையில் பாஸ்பரஸின் அளவு பெரும்பாலும் அச்சிடப்படுவதில்லை. எனவே உட்பொருள் பட்டியலில் 338, 339, 340, 341, 450, 451, 452 ஆகிய எண்களைத் தேடுங்கள். கோலா பானங்கள், பதப்படுத்திய பாலாடைக்கட்டி, சாசேஜ், சில உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றில் இவற்றைக் காணலாம். சாம்பாருக்கு அஞ்சிவிட்டுக் கோலா அருந்துவது தலைகீழான எச்சரிக்கை.

‘டயாலிசிஸ் செய்கிறோமே, அது நீக்கிவிடாதா?’ என்று கேட்போர் உண்டு. ஒரு கணக்கைப் பாருங்கள். நாள்தோறும் உணவில் 1000 மி.கி. பாஸ்பரஸ் வந்து அதில் 60 சதவீதம் உறிஞ்சப்பட்டால், வாரத்துக்கு 4200 மி.கி. சேர்கிறது. நான்கு மணி நேர டயாலிசிஸ் ஒவ்வொன்றும் சுமார் 800 மி.கி. நீக்குவதாகக் கொண்டால், வாரம் மூன்று முறைக்கு 2400 மி.கி. மட்டுமே வெளியேறும். வாரம் இருமுறை மட்டும் வருவோருக்கு இடைவெளி இன்னும் பெரிது.

அந்த இடைவெளியைக் குறைக்கத் தரப்படுபவையே பாஸ்பேட்டைப் பிணைக்கும் மாத்திரைகள். அவற்றுள் கால்சியம் அசிட்டேட், கால்சியம் கார்பனேட் ஆகியவை உண்டு. பெயரில் கால்சியம் இருப்பதால் எலும்புச் சத்து மாத்திரை என்று கருதி, இரவு உறங்கும் முன் வெறும் வயிற்றில் விழுங்குவோர் பலர். உணவோடு சேர்ந்தால் அது பாஸ்பேட்டைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும். வெறும் வயிற்றில் அதன் கால்சியம் இரத்தத்தில் கலந்து, தடுக்க வேண்டிய படிவுக்கே துணைபோகக்கூடும். எனவே உணவின்போதே உட்கொள்ளுங்கள்; அந்த வேளை உண்ணாவிட்டால் மாத்திரையும் வேண்டாம். கால்சியம் மாத்திரை எதையும் மருத்துவரைக் கேளாமல் தொடங்கவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம்.

மக்னீசியம் படிகம் உருவாவதைத் தடுக்கும் என்று படித்துவிட்டு அதைக் கடையில் வாங்குவோரும் உளர். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அது உடலில் தேங்கி, தசைத் தளர்ச்சியையும் இதயத் துடிப்பில் கோளாற்றையும் உண்டாக்கலாம். மக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்துகளுக்கும் இது பொருந்தும்.

தொடையிலோ வயிற்றிலோ தோல் கருஞ்சிவப்பாகக் கன்றிக் கடும் வலி தோன்றினால், அடுத்த டயாலிசிஸ் நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்களில் கால்சியம் படிந்து இரத்த ஓட்டம் தடைப்படுவதன் அறிகுறியாக அது இருக்கக்கூடும்.