தெரிந்தும் கழுவாத கைகள்

மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கப் போகும்போது, கட்டிலின் கால்மாட்டில் கிருமிநாசினிப் போத்தல் ஒன்று இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வார்டிலேயே கைகழுவும் தொட்டி இருக்கிறதே, கட்டிலுக்குக் கட்டில் போத்தல் எதற்கு? இதற்கு விடை கிடைக்க மருத்துவ உலகுக்கு ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆயின.

இரு வகைக் கிருமிகள்

நம் தோலில் நிரந்தரமாகக் குடியிருக்கும் கிருமிகள் உண்டு. அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. மற்றொரு வகை, எதையாவது தொடும்போது வந்து ஒட்டிக்கொள்பவை. இவற்றை எளிதில் அகற்றிவிடலாம். ஆனால், அடுத்துத் தொடும் பொருளுக்கும் ஆளுக்கும் இவை எளிதில் தாவிவிடும்.

தோல் நம் உடலின் மதில்சுவர். அறுவை சிகிச்சைக் காயமோ, இரத்தக் குழாயில் செருகிய ஊசியோ உள்ள நோயாளிக்கு அந்தச் சுவரில் வாசல் திறந்திருக்கிறது. தாதியை ஒன்றும் செய்யாத கிருமி, அவ்வழியே நுழைந்து நோயாளியின் உயிருக்கே உலை வைக்கலாம்.

1847, வியன்னா

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்களும் மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றனர். மாணவர்கள் இருந்த பிரிவில்தான் பிரசவக் காய்ச்சலால் அதிகமான தாய்மார்கள் இறந்தனர். காரணம் புரியாமல் தவித்தார் அங்கு பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செமல்வைஸ்.

அந்த ஆண்டு மார்ச் மாதம், பிரேதப் பரிசோதனையின்போது கத்தி கீறியதால் அவருடைய நண்பர் ஒருவர் இறந்தார். நண்பரின் உடலில் காணப்பட்ட மாற்றங்கள், இறந்த தாய்மார்களின் உடலில் கண்டவற்றை ஒத்திருந்தன. மாணவர்கள் பிரேத அறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வருவதை எண்ணிப் பார்த்தார் செமல்வைஸ். குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கைகழுவிய பிறகே தாய்மார்களைத் தொட வேண்டும் என்று மே மாதத்தில் கட்டளையிட்டார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூலையில் 1.2 விழுக்காடாகக் குறைந்தது.

ஆயினும் பல மருத்துவர்கள் அவரை ஏற்கவில்லை. கிருமிகளே நோய்க்குக் காரணம் என்பது அப்போது நிறுவப்படவில்லை. தங்கள் கைகளே மரணத்தைச் சுமந்தன என்பதை ஏற்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை.

அறிவு மட்டும் போதாது

இன்று எல்லா மருத்துவர்களுக்கும் கிருமிகளைப் பற்றித் தெரியும். அப்படியானால் எல்லாரும் கைகழுவுகிறார்களா? சுவிட்சர்லாந்தின் ஜெனிவா பல்கலைக்கழக மருத்துவமனையில் டிடியே பிட்டே என்ற மருத்துவரின் குழு 1994இல் கணக்கெடுத்தது. கைகளைத் தூய்மை செய்ய வேண்டிய தருணங்களில் 48 விழுக்காட்டில்தான் அது நடந்தது.

சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு கணக்குப் போடுவோம். தொட்டி வரை நடந்து, கழுவி, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 முறை கழுவ வேண்டிய தாதிக்கு 20 நிமிடம் அதிலேயே கழிந்துவிடும். பிறகு நோயாளியை எப்போது கவனிப்பது?

அந்தக் குழு ஆல்கஹால் கரைசலை நோயாளியின் பக்கத்திலேயே வைத்தது. தேய்க்க 20 முதல் 30 வினாடிகள் போதும். சுவரொட்டிகளும் இடம்பெற்றன. கவனித்த முடிவுகள் ஊழியர்களுக்கே தெரிவிக்கப்பட்டன. 1997இல் 48 விழுக்காடு 66 ஆனது. மருத்துவமனையில் தொற்றும் நோய்களின் அளவு 16.9 விழுக்காட்டிலிருந்து 9.9க்கு இறங்கியது. தாதியரிடம்தான் நல்ல முன்னேற்றம். மருத்துவர்களிடம் பெரிய மாற்றமில்லை!

ஆல்கஹால் எப்படிக் கொல்கிறது?

முட்டையின் வெள்ளைக்கருவைச் சூடாக்கினால் அதன் புரதம் உருமாறிக் கெட்டியாகிறது அல்லவா? ஆல்கஹாலும் கிருமியின் புரதங்களை அவ்வாறே உருக்குலைக்கிறது; கொழுப்பாலான சவ்வையும் சிதைக்கிறது. இதற்குச் சிறிது நீரும் தேவை. அதனால்தான் தூய ஆல்கஹாலைவிட 60 முதல் 80 விழுக்காட்டுக் கரைசல் நன்கு வேலை செய்கிறது. ஆனால், கண்ணுக்குத் தெரியும் அழுக்கு இருந்தால் சவர்க்காரமும் நீரும்தான் வேண்டும்.

ஐந்து தருணங்கள்

சுகாதார ஊழியர்கள் எப்போது கைகளைத் தூய்மை செய்ய வேண்டும்? உலகச் சுகாதார நிறுவனம் கூறுவது:

1. நோயாளியைத் தொடும் முன்
2. ஊசி போடுதல், காயத்துக்குக் கட்டுப்போடுதல் போன்றவற்றுக்கு முன்
3. இரத்தம் போன்ற உடல் திரவங்கள் பட்டிருக்கக்கூடிய வேலைக்குப் பின்
4. நோயாளியைத் தொட்ட பின்
5. நோயாளியின் கட்டில், மேசை முதலியவற்றைத் தொட்ட பின்

கையுறை அணிந்தாலும் இவை பொருந்தும். கையுறையைக் கழற்றும்போதே கிருமி கையில் ஒட்டிவிடலாம்.

செய்து பாருங்கள்

நீரில் கரையும் வண்ணத்தைச் சிறிது உள்ளங்கையில் ஊற்றிக்கொள்ளுங்கள். கண்களை மூடி, கைகழுவுவதைப் போல் 20 வினாடி தேய்த்துவிட்டுக் கண்களைத் திறங்கள். வண்ணம் படாத இடங்கள் எவை? கட்டைவிரலையும் விரல் நுனிகளையும் முதலில் பாருங்கள். நீங்கள் தினமும் கழுவாமல் விடும் இடங்கள் அவையாக இருக்கலாம்.