அறிதுயிலும் ஆழ்ந்த உறக்கமும்

பங்காருபாளையத்தில் மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் ஊரே உறக்கத்தைக் குறைத்துக்கொள்கிறது. ஜூன், ஜூலை மாதங்களில் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் சந்தை வளாகத்தின் வாயிலிலும் பழக்கூழ்த் தொழிற்சாலைகளின் முன்னும் இரவெல்லாம் வரிசையில் நிற்கின்றன. அந்நாள்களில் வங்கிக்கு வரும் விவசாயிகளின் கண்கள் சிவந்திருப்பதில் வியப்பில்லை. ஆனால் பருவம் முடிந்து, சாலை அமைதியான பின்னரும் சிலருக்கு உறக்கம் திரும்புவதில்லை.

பயிர்க்கடனைப் புதுப்பிக்க வந்த முதிய வாடிக்கையாளர் ஒருவர், கையெழுத்திட்ட பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "கடனைக்கூட அடைச்சிடுவேன் சார், இந்த ராத்திரியைத்தான் கழிக்க முடியல" என்றார். அன்று அவருக்கு மறுமொழி கூற என்னால் இயலவில்லை. அப்போது நானும் அதே நிலையில்தான் இருந்தேன். குடும்பத்தை வேலூரில் விட்டுவிட்டு மாற்றலில் வந்திருந்த காலம் அது. ஆண்டிறுதிக் கணக்கு முடிந்து பல வாரங்கள் கடந்தும், நள்ளிரவு 2 மணிக்கு விழிப்பு வந்து, சரிபார்த்த கணக்குகளையே மனம் மீண்டும் சரிபார்த்துக்கொண்டிருக்கும்.

உறக்கம் ஏன் வர மறுக்கிறது?

உறக்கத்தை இரண்டு ஆற்றல்கள் கொண்டு வருகின்றன. விழித்திருக்கும் நேரம் முழுவதும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வந்து உறக்க நாட்டத்தை உண்டாக்குகிறது. மற்றொன்று உடலின் உட்கடிகாரம்; இருள் சூழ்ந்ததும் மெலட்டோனின் சுரக்கச் செய்து, இரவு வந்துவிட்டதை உடலுக்கு அது அறிவிக்கிறது. காபி, முதலாவது ஆற்றலை மறைக்கிறது. மாலை 5 மணிக்கு அருந்திய காபியின் ஊக்கப்பொருளில் ஏறத்தாழப் பாதி இரவு 10 மணிக்கும் உடலில் இருக்கும். படுக்கையில் ஒளிரும் கைப்பேசி, இரண்டாவது ஆற்றலைக் குழப்புகிறது.

இவ்விரண்டும் சரியாக இருந்தும் உறக்கம் வராதவர்களுக்கு வேறொரு தடை உண்டு. அது விழிப்பு நிலையைத் தளரவிடாத மனப்பதற்றம். "இன்றும் தூங்காவிட்டால் நாளைய வேலை என்னாகும்?" என்ற அச்சமே இதயத் துடிப்பை உயர்த்தி, தசைகளை இறுக்கி, உறக்கத்தை விரட்டிவிடுகிறது. உறக்கம் முயன்று பெறும் பொருள் அன்று; தடை நீங்கினால் தானாக வருவது. வாரத்தில் 3 இரவுகளேனும் இவ்வாறு கழிந்து, அது 3 மாதங்கள் நீடித்தால் மருத்துவர்கள் அதனை நாள்பட்ட தூக்கமின்மை என்கின்றனர்.

அறிதுயில் என்பது என்ன?

திருப்பதியில் கோவிந்தராச சுவாமி பள்ளிகொண்ட திருக்கோலத்தை நம்மில் பலர் கண்டிருப்போம். உறங்குவதுபோல் தோன்றினும் அனைத்தையும் அறிந்திருக்கும் அந்த நிலையைத் தமிழ் 'அறிதுயில்' என்று அழைக்கிறது. ஹிப்னாடிசம் என்பதற்கு அச்சொல்லையே பயன்படுத்துவது மிகப் பொருத்தமானது. ஏனெனில், அதனை அறிவியல் நோக்கில் முதன்முதலில் விளக்க முற்பட்டவர்களுள் ஒருவரான இந்தியரும் ஏறக்குறைய இதே பெயரைத்தான் சூட்டினார்.

அவர் கோவாவின் கண்டோலிமில் 1756-ஆம் ஆண்டு பிறந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார். மனிதரிடமிருந்து மனிதருக்குப் பாயும் ஒரு காந்த ஆற்றலே மயக்க நிலையை உண்டாக்குகிறது என்று ஐரோப்பா நம்பியிருந்த காலத்தில், 1813-இல் பாரிஸ் நகரில் பொது வகுப்புகள் நடத்தி அதனை மறுத்தார். ஆற்றல் நடத்துபவரிடம் இல்லை, ஒருமுகப்பட்டு ஏற்றுக்கொள்பவரின் மனத்திலேயே உள்ளது என்பது அவர் கொள்கை. அந்நிலைக்கு அவர் இட்ட பெயர் 'தெளிந்த உறக்கம்'. அதைப் பற்றிய அவருடைய நூல், அவர் மறைந்த 1819-ஆம் ஆண்டில் வெளிவந்தது. பணஜியில் அவருக்குச் சிலை உள்ளது. பின்னர் 1843-இல் மான்செஸ்டர் நகர அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு எழுதிய நூலின் வழியாகவே, கிரேக்க உறக்கத் தெய்வத்தின் பெயரிலிருந்து பிறந்த 'ஹிப்னாடிசம்' என்ற சொல் பரவியது. 1845 முதல் வங்காளத்தின் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற மருத்துவர், மயக்க மருந்துகள் புழக்கத்துக்கு வருமுன்பே, இத்தகைய மயக்க நிலையில் அறுவை சிகிச்சைகள் செய்தார்.

சிகிச்சை அறையில் நடப்பது

என்னைப் பரிசோதித்த மருத்துவர், உடல்நோய் எதுவும் காரணமில்லை என்று உறுதி செய்த பின்னரே உளவியலாளரிடம் அனுப்பினார். திரைப்படங்களில் காண்பதுபோல் ஆடும் கடிகாரமோ உற்று நோக்கும் விழிகளோ அங்கு இல்லை. சாய்வு நாற்காலியில் அமரச் செய்து, மூச்சைக் கவனிக்கச் சொன்னார். பாதம் முதல் நெற்றி வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளரச் செய்தார். பின்னர், மனத்துக்கு அமைதி தரும் ஓரிடத்தைக் கற்பனை செய்யுமாறு கூறினார். நான் தேர்ந்தெடுத்தது, அறுவடை முடிந்த மாந்தோப்பின் நிழல். அந்நிலையில், "கணக்குகள் அலுவலகத்தில் பூட்டப்பட்டுள்ளன, இரவு உங்களுக்குரியது" என்பன போன்ற கருத்துரைகளை மெல்லிய குரலில் திரும்பத் திரும்பக் கூறினார். நான் உறங்கவில்லை; வெளியே சென்ற பேருந்தின் ஒலிகூடக் கேட்டது. ஆனால் அது என்னைத் தொடவில்லை.

வாடிக்கையாளர் சிலர் என்னிடம் கேட்ட ஐயம் ஒன்று உண்டு: "அந்நிலையில் ஏடிஎம் இரகசிய எண்ணைக் கேட்டால் சொல்லிவிடுவோமா?" அறிதுயிலில் இருப்பவர் தன்னுணர்வை இழப்பதில்லை. விரும்பாத கருத்துரையை மறுக்கவும், எழுந்து செல்லவும் அவரால் முடியும். எந்தச் சிகிச்சைக்கும் உங்கள் இரகசிய எண் தேவையில்லை. அதனைக் கேட்பவர் சிகிச்சையாளர் அல்லர்.

எவ்வளவு பயன் எதிர்பார்க்கலாம்?

சூரிச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ள இளம்பெண்கள் 70 பேர் பகலுறக்கத்துக்கு முன் அறிதுயில் ஒலிப்பதிவைக் கேட்டனர். கருத்துரைகளை எளிதில் ஏற்கும் இயல்புடையவர்களின் ஆழ்ந்த உறக்கம் ஏறத்தாழ 80 விழுக்காடு கூடியது. அவ்வியல்பு குறைந்தவர்களுக்கு அப்பயன் கிட்டவில்லை. எனவே இது அனைவருக்கும் ஒரே அளவில் பலன் தரும் முறை அன்று.

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் அளிக்க வேண்டியது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் வெளியிட்ட பரிந்துரை. படுக்கை நேரத்தையும் உறக்கம் குறித்த தவறான எண்ணங்களையும் சீர்செய்யும் முறை அது. அறிதுயில் அதற்குத் துணை நிற்கலாம், அதற்கு மாற்றாகாது. எனக்கும் இரண்டும் சேர்ந்தே அளிக்கப்பட்டன. ஆறு வாரங்களில் பெரும்பாலான இரவுகள் சீராயின. மார்ச் மாதக் கடைசியில் இன்றும் சில இரவுகள் கெடுகின்றன. ஆனால் இரவைக் கண்டு அஞ்சுவதில்லை.

வீட்டில் செய்யத்தக்கவை

1. விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் எழுக.

2. நாளைய கவலைகளை மாலையிலேயே ஒரு தாளில் எழுதி மூடி வைக்க.

3. விளக்கை அணைத்து, மூச்சை மெல்ல வெளிவிட்டு, பாதத்திலிருந்து உடலை ஒவ்வொரு பகுதியாகத் தளர்த்துக. பத்திலிருந்து ஒன்று வரை எண்ணி, ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு படி இறங்குவதாகக் கருதுக. பிறகு "இப்போது நான் செய்யவேண்டியது எதுவுமில்லை" என்பது போன்ற எளிய சொற்றொடர் ஒன்றை மனத்துள் கூறுக. இதற்கு 15 நிமிடங்கள் போதும்.

4. ஏறத்தாழ 20 நிமிடங்களில் உறக்கம் வராவிடில் எழுந்து சென்று, உறக்கம் கண்ணைத் தழுவும்போது படுக்கைக்குத் திரும்புக.

வண்டி ஓட்டும்போது இவ்வகை ஒலிப்பதிவுகளைக் கேட்கலாகாது. உறக்க மாத்திரை உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேளாமல் திடீரென நிறுத்தலாகாது. தீவிர மனநோய் உள்ளவர்கள் மனநல மருத்துவரின் ஒப்புதலின்றி அறிதுயில் சிகிச்சையை நாடலாகாது.

யாரிடம் செல்வது?

ஆண்டுக்கு இருமடங்கு வட்டி தருவதாக ஒருவர் உறுதி கூறினால், அங்கே பணம் போடாதீர்கள் என்று உங்களிடம் கூறுவது எங்கள் கடமை. ஒரே அமர்வில் குணம் உறுதி என்று கூறி, மொத்தக் கட்டணத்தையும் முன்கூட்டியே கேட்பவருக்கும் அதே விதி பொருந்தும். மருத்துவரையோ, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளரையோ நாடுங்கள். பதிவெண்ணைக் கேட்கத் தயங்காதீர்கள். நடுவண் அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். மனநலச் சட்டம், 2017-இன்படி மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு வழங்கப்படவேண்டும். எனினும் மருத்துவமனையில் தங்காமல் பெறும் ஆலோசனைக்கு உங்கள் பாலிசி இடமளிக்கிறதா என்பதை முன்னரே படித்துப் பார்ப்பது நலம்.

அம்முதியவர் அடுத்த தவணை கட்ட வந்தபோது, அன்று கூறாததை அவரிடம் கூறினேன். மருத்துவரிடம் சென்றுவந்தார். அவருடைய மனைவி தெரிவித்த ஒரு செய்தியே நோயைக் காட்டிக்கொடுத்தது: அவர் உரத்த குறட்டையின் நடுவே மூச்சு நின்று திணறி விழிக்கிறார். அதற்குத் தீர்வு அறிதுயில் அன்று. மூச்சுத் தடையை நீக்கும் காற்றழுத்தக் கருவி. இப்போது இரவில் அதனை அணிந்து உறங்குகிறார். என் இரவைச் சீராக்கியது அவருடைய இரவைச் சீராக்கியிராது. ஆகவே சிகிச்சையைத் தேர்வதற்கு முன், உறக்கம் ஏன் கெட்டது என்பதை ஒரு மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.