வயிறு நிறைந்தால் போதுமா? – உணவிலுள்ள போசணைப் பதார்த்தங்கள்



பண்டாரவளையைச் சூழ்ந்த தோட்டங்களில் பல வீடுகளின் காலை உணவு கோதுமை மா ரொட்டி, தேங்காய்ச் சம்பல், கூடவே ஒரு கோப்பை சாயத் தேநீர். கொழுந்து பறிக்கச் செல்லும் தாயும் பாடசாலைக்குச் செல்லும் பிள்ளையும் இதையே உண்கின்றனர். வயிறு நிறைகின்றது. ஆனால் உடலுக்குத் தேவையானவை எல்லாம் கிடைத்தனவா? இந்த உணவையே உதாரணமாகக் கொண்டு இப்பாடத்தை விளங்கிக்கொள்வோம்.

1. போசணைப் பதார்த்தங்கள்

சத்தியைப் பெறவும், வளரவும், தேய்ந்த இழையங்களைப் புதுப்பிக்கவும், நோய்களிலிருந்து பாதுகாப்புப் பெறவும் உணவிலிருந்து நமக்குக் கிடைக்கும் பதார்த்தங்களே போசணைப் பதார்த்தங்கள் ஆகும். காபோவைதரேற்று, புரதம், இலிப்பிட்டு ஆகியன அதிக அளவில் தேவைப்படுவன. விற்றமின்களும் கனியுப்புகளும் மிகச் சிறிய அளவில் தேவைப்படுவன. இவற்றுடன் நீரும் நார்ப்பொருளும் அவசியமாகும்.

2. ரொட்டியும் சம்பலும் தருவன

ரொட்டியில் பெருமளவு இருப்பது மாப்பொருள் என்னும் காபோவைதரேற்று ஆகும். இது சமிபாடடைந்து குளுக்கோசாக மாறிக் குருதியிற் சேரும். 1 கிராம் காபோவைதரேற்று ஏறத்தாழ 17 கிலோ யூல் சத்தியைத் தரும். தேங்காயிலுள்ள இலிப்பிட்டு 1 கிராமுக்கு ஏறத்தாழ 37 கிலோ யூல் தரும். எனவே மலையேறிக் கொழுந்து பறிப்பதற்கான சத்தி இவ்வுணவில் உண்டு. விற்றமின் A, D, E, K ஆகியன கொழுப்பிற் கரைவன. ஆகவே கரட்டைத் தேங்காய்ப்பூவுடன் சேர்த்துச் சம்பலாக உண்ணும்போது, அதிலுள்ள கரோட்டின் நன்கு அகத்துறிஞ்சப்படும்.

3. பருப்பு ஏன் தேவை?

புரதம் அமினோவமிலங்களால் ஆனது. கோதுமைப் புரதத்தில் இலைசீன் என்னும் அத்தியாவசிய அமினோவமிலம் குறைவு. பருப்பில் அது போதியளவு உண்டு. ஆனால் மெதியோனீன் குறைவு. ரொட்டியுடன் பருப்புக் கறியைச் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்பும். கடலை, கௌபி, பயறு, முட்டை, நெத்தலிக் கருவாடு ஆகியனவும் நல்ல புரத உணவுகளாகும். நெத்தலியை முள்ளுடன் உண்பதால் கல்சியமும் கிடைக்கும்.

இது வளரும் வயதினருக்கு மிக முக்கியமானது. 2016 ஆம் ஆண்டின் தேசிய குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் 5 வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் 100 பேரில் ஏறத்தாழ 17 பேர் வயதிற்கேற்ற உயரமின்றிக் காணப்பட்டனர். தோட்டத்துறையில் இது 100 பேரில் ஏறத்தாழ 32 பேர். போதிய போசணையின்மையும் அடிக்கடி ஏற்படும் தொற்றுநோய்களும் இதற்கு முக்கிய காரணங்கள்.

4. இரும்பும் தேநீரும்

குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைக் காவிச் செல்கின்றது. அதன் ஆக்கத்திற்கு இரும்பு தேவை. இரும்பு குறைந்தால் குருதிச்சோகை ஏற்படும். களைப்பு, வெளிறிய தோற்றம், படியேறும்போது மூச்சு வாங்குதல், பாடத்தில் கவனம் செலுத்த முடியாமை ஆகியன அதன் அறிகுறிகள். மாதவிடாயால் குருதி இழக்கப்படுவதால் பெண் பிள்ளைகளுக்கு இரும்பின் தேவை அதிகம். வகுப்பில் சோர்ந்திருக்கும் மாணவியைச் சோம்பேறி என்று சொல்லுமுன் இதனை நினைவிற்கொள்ளுங்கள். இத்தகைய அறிகுறிகள் இருப்பின் வைத்தியரிடம் காட்டிக் குருதிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

தாவர உணவிலுள்ள இரும்பு இலகுவில் அகத்துறிஞ்சப்படுவதில்லை. தேநீரிலுள்ள தனின் அந்த இரும்புடன் சேர்ந்து அதன் அகத்துறிஞ்சலை மேலும் குறைக்கின்றது. விற்றமின் C இதற்கு மாறாகச் செயற்பட்டு அகத்துறிஞ்சலைக் கூட்டுகின்றது. எனவே பருப்பு, கீரை ஆகியவற்றுடன் தேசிக்காய்ச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். உணவின் பின் கொய்யாப்பழம் உண்ணுங்கள். தேநீரைக் கைவிட வேண்டியதில்லை. உணவுடன் அருந்தாமல், ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தின் பின் அருந்தினால் போதும்.

5. அயடீன்

தைரொட்சின் என்னும் ஓமோனின் ஆக்கத்திற்கு அயடீன் தேவை. இது குறைந்தால் கழுத்தில் தைரொயிட்டுச் சுரப்பி வீங்கும், இதுவே கண்டமாலை. இலங்கையில் 1995 ஆம் ஆண்டில் உப்பிற்கு அயடீன் சேர்ப்பது சட்டத்தினால் கட்டாயமாக்கப்பட்டது. உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையல் முடியும் தறுவாயில் சேர்த்தால் அயடீன் இழப்புக் குறையும்.

6. மாதிரி வினா

மாணவி ஒருத்தி தினமும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் உண்டு, அப்போதே சாயத் தேநீர் அருந்துகிறாள். அவளுக்குக் குருதிச்சோகை உள்ளது.
(அ) அவளது உணவில் போதியளவு கிடைக்காத இரண்டு போசணைப் பதார்த்தங்களைக் குறிப்பிடுக.
(ஆ) அதிக செலவின்றிச் செய்யக்கூடிய இரண்டு மாற்றங்களைக் கூறுக.

விடை: (அ) புரதம், இரும்பு. (ஆ) பருப்பும், தேசிக்காய்ச் சாறு சேர்த்த கீரையும் உண்ணல். தேநீரை உணவிற்கு ஒரு மணித்தியாலத்தின் பின் அருந்துதல்.

இவ்விடையை விடைத்தாளில் எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். இன்றே வீட்டில் அம்மாவிடமும் சொல்லுங்கள். அவருடைய குருதிக்கும் இரும்பு தேவை.